75 கிலோ தங்கம், ஒரு கையெழுத்து: விளையாட்டுக்குச் சம்பளம் கேட்ட டென்னிஸ் ராணி சுசான் லெங்லென் யார்?

1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த 27 வயதுப் பெண் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தொகை 50,000 டாலர். வேலை, நான்கு மாதம் ஊர் ஊராகப் போய் டென்னிஸ் ஆடுவது.

அப்போது அமெரிக்காவில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 50,000 டாலருக்கு ஏறக்குறைய 75 கிலோ தங்கம் வரும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் 9,400 சவரன்.

அதே காலத்தில் அமெரிக்க அதிபரின் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலர். அந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நட்சத்திரமான பேஸ்பால் வீரர் பேப் ரூத்துக்கு ஆண்டுக்கு 52,000 டாலர். நான்கு மாதத்துக்கே ஒரு பெண்ணுக்கு 50,000 டாலர் என்பது அன்று யாரும் கேள்விப்படாத விஷயம்.

அந்தக் கையெழுத்துக்காக விம்பிள்டன் கிளப் அவரது கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தது. சொந்த நாட்டு டென்னிஸ் சம்மேளனமும் கதவைச் சாத்தியது. அவர் பெயர் சுசான் லெங்லென்.

கோரமண்டலில் இருந்து இந்தக் கதை ஏன்?

இதை எழுதுவது கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் இருந்து. இங்கே தங்கத்தில் கணக்குப் போடாமல் எந்தக் கதையும் தொடங்காது.

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும் பூமிக்குள் இறங்கின. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்படும் வரை சுமார் 800 டன் தங்கம் இந்த மண்ணில் இருந்து போயிருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு பக்கம் தொழிலாளர் லைன் வீடுகள். இன்னொரு பக்கம் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், டென்னிஸ் கோர்ட். சுரங்கத்துக்காரங்களுக்கு டென்னிஸ் என்பது வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஆட்டம்.

அந்த வேலி எங்கள் ஊரில் மட்டும் இருந்ததில்லை. அந்த விளையாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. லெங்லென் மோதியது அதோடுதான்.

பொம்மைக் கடை ராக்கெட்டில் தொடங்கிய கதை

சுசான் லெங்லென் 1899 மே 24 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா சார்ல்ஸ் லெங்லென், அம்மா அனாயீஸ். குதிரை வண்டிப் பேருந்துத் தொழில் குடும்பச் சொத்தாக வந்தது. அதை விற்றுவிட்டு வந்த பணத்தில் வசதியாக வாழ்ந்த குடும்பம். குளிர்காலத்தில் தெற்கே, கடலோர நகரமான நீஸுக்குப் போய்விடுவார்கள்.

சின்ன வயதில் சுசானுக்கு உடம்பு அடிக்கடி சரியில்லாமல் போகும். ஆஸ்துமா வேறு. கொஞ்சம் ஓடியாடினால் உடம்பு தேறும் என்று 1910இல் அப்பா ஒரு பொம்மைக் கடையில் ராக்கெட் வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 11 வயது.

சில மாதங்களிலேயே மகளிடம் ஏதோ இருக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அது விளையாட்டாக இல்லை, பயிற்சியாக மாறியது. கோர்ட்டில் ஒரு கைக்குட்டையை விரித்துப் போடுவார். பந்து அதன் மேல் விழ வேண்டும். விழ விழ கைக்குட்டையை மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே போவார். கடைசியில் ஒரு நாணயம் அளவுக்கு வந்து நிற்கும்.

அன்றைய பெண்கள் ஆட்டம் பெரும்பாலும் கோர்ட்டின் பின்கோட்டில் நின்று பந்தைத் திருப்பி அனுப்பும் ஆட்டம். சார்ல்ஸ் தன் மகளுக்கு ஆண்களின் ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார். வலை அருகே ஓடி வந்து பந்து தரையில் படும் முன்பே அடிப்பது, ஆண் வீரர்களோடு பயிற்சி எடுப்பது என்று எல்லாமே புதிது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மகள் தவறு செய்தால் அப்பா பலர் முன்னிலையில் திட்டுவார். போட்டிகளில் அவர் பார்வையாளர் இருக்கையில் இருந்தாலே சுசானின் முகம் இறுகிவிடும். இன்றைக்கு விளையாட்டுப் பெற்றோர் பற்றி நாம் பேசும் எல்லாச் சிக்கலும் அந்த வீட்டில் 1910களிலேயே இருந்தது.

15 வயதில் உலகப் பட்டம், உடனே போர்

1914இல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். வயது 14. அதில் மார்கெரித் ப்ரோகெடிஸிடம் தோற்றார். சில வாரங்களிலேயே பாரிஸில் நடந்த உலக ஹார்ட் கோர்ட் சாம்பியன்ஷிப்பை வென்றார். பெயரில் ஹார்ட் கோர்ட் என்று இருந்தாலும், அது செம்மண் தரையில் நடந்த பெரிய சர்வதேசப் போட்டி. அப்போதுதான் அவருக்கு 15 வயது நிறைந்திருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் முதல் உலகப் போர் தொடங்கியது. போட்டிகள் நின்றன. 15 முதல் 20 வயது வரை, ஒரு வீராங்கனை வேகமாக வளரும் காலம் முழுவதும் பெரிய போட்டியே இல்லை. அந்த ஆண்டுகளை அவர் நீஸில் பயிற்சியில் கழித்தார்.

1919: இரண்டு பந்து தூரத்தில் தோல்வி

போர் முடிந்து 1919இல் விம்பிள்டன் திரும்பியது. லெங்லென் முதல்முறையாகப் புல்தரையில் பெரிய போட்டி ஆடினார். அப்போதைய விதிப்படி நடப்பு சாம்பியன் நேரடியாக இறுதிச் சுற்றில் மட்டும் ஆடுவார். அந்தச் சாம்பியன் டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு முறை விம்பிள்டன் வென்றவர். வயது 40. லெங்லெனுக்கு 20.

சேம்பர்ஸ் நீளக் கை, உயர்ந்த கழுத்து, கணுக்கால் வரை இறங்கிய உடையில் வந்தார். லெங்லென் அணிந்திருந்தது கெண்டைக்கால் அளவு உடை, குட்டைக் கை. உள்ளே இடுப்பை இறுக்கும் கார்செட் இல்லை. பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் செட் 10-8 என லெங்லெனுக்கு. இரண்டாவது 6-4 என சேம்பர்ஸுக்கு. ஆட்டத்தின் இடையே லெங்லென் சோர்ந்து போனபோது அப்பா பிராந்தி கொடுத்து அனுப்பினார். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் அதைக் குடித்துவிட்டு ஆடினார்.

மூன்றாவது செட்டில் சேம்பர்ஸ் 6-5 என முன்னிலை. கையில் இரண்டு மேட்ச் பாயின்ட். ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கதை முடிந்தது. அதில் ஒன்றை லெங்லென் காப்பாற்றியது முழுக்க அதிர்ஷ்டம். பந்து ராக்கெட்டின் மரச்சட்டத்தில் பட்டு, வலையை உரசி எதிர்ப்பக்கம் விழுந்தது. அங்கிருந்து மீண்டு 10-8, 4-6, 9-7 என வென்றார். மொத்தம் 44 கேம்கள். விம்பிள்டன் பெண்கள் இறுதிப் போட்டியில் அந்த எண்ணிக்கையை 1970 வரை யாரும் தாண்டவில்லை.

அவர் வந்த பிறகு என்ன மாறியது?

மூன்று விஷயங்கள் மாறின.

முதலாவது, ஆட்டம். பந்தை எட்டிப் பிடிக்கத் தாவுவது, காற்றில் உடம்பைத் திருப்புவது, வலையில் நின்று முடிப்பது எல்லாம் பெண்கள் ஆட்டத்துக்குள் வந்தது. நடனம் மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். 1924இல் பாரிஸில் அரங்கேறிய ஒரு பாலே நாடகத்தில் அவரை மனதில் வைத்தே ஒரு டென்னிஸ் வீராங்கனை பாத்திரம் உருவானது.

இரண்டாவது, உடை. பாரிஸ் வடிவமைப்பாளர் ஜான் பாத்தூ அவருக்காகத் தைத்த கையில்லாத பட்டு உடையும் மடிப்புப் பாவாடையும் தலையில் சுற்றிய பட்டுத்துணியும் பெரிய ஃபேஷன் ஆயின. அலங்காரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கார்செட்டோடு ஓட முடியாது, மூச்சு வாங்க முடியாது, கையை முழுசாகத் தூக்கி சர்வீஸ் போட முடியாது. உடை மாறினால்தான் ஆட்டம் மாறும்.

மூன்றாவது, கூட்டம். பெண்கள் ஆட்டத்துக்காக மட்டும் டிக்கெட் வாங்கும் ரசிகர்கள் உருவானார்கள். விம்பிள்டனின் பழைய வொர்ப்பிள் ரோடு மைதானம் கூட்டத்துக்குப் போதவில்லை. 1922இல் போட்டி இப்போது நடக்கும் சர்ச் ரோடு மைதானத்துக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு லெங்லென் இழுத்த கூட்டம் ஒரு முக்கியக் காரணம் என்பதை டென்னிஸ் வரலாறு ஒப்புக்கொள்கிறது.

இங்கே ஒரு சின்னக் கேள்வி. அந்த டிக்கெட் பணத்தில் அவருக்கு எவ்வளவு கிடைத்தது? பூஜ்யம்.

எட்டு வருடத்தில் ஒரே ஒரு தோல்வி

1919 முதல் 1926 வரை ஒற்றையர் ஆட்டத்தில் லெங்லென் தோற்றது ஒரே ஒரு முறை. 1921இல் அமெரிக்காவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில், நார்வேயில் பிறந்த அமெரிக்க வீராங்கனை மோலா மல்லோரியிடம்.

முதல் செட்டை 2-6 என இழந்தார். இரண்டாவது செட்டின் முதல் கேமிலேயே இருமிக்கொண்டு ஆட முடியாமல் வெளியேறினார். அமெரிக்க ரசிகர்கள் கேலி செய்தார்கள், பத்திரிகைகள் சாக்கு என்றன. உடல்நிலை காரணமாக ஆட்டத்தை விடுவது அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வந்தது. நடிப்பு என்று சொன்னவர்கள் அப்போது பலர். 39 வயதில் அவர் ரத்த நோயால் இறந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்தக் கேலி வேறு மாதிரி கேட்கிறது.

மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மல்லோரி. லெங்லென் 6-2, 6-0 என அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்.

எண்களில் லெங்லென்

• விம்பிள்டன் ஒற்றையர் பட்டம்: 6 (1919, 1920, 1921, 1922, 1923, 1925)
• விம்பிள்டன் பெண்கள் இரட்டையர்: 6. ஆறிலும் ஜோடி அமெரிக்காவின் எலிசபெத் ரையன்
• விம்பிள்டன் கலப்பு இரட்டையர்: 3
• பிரெஞ்சு சாம்பியன்ஷிப் ஒற்றையர்: 6 (1920 முதல் 1923 வரை, 1925, 1926). இதில் முதல் நான்கு, பிரெஞ்சு கிளப் உறுப்பினர்கள் மட்டும் ஆடிய காலத்தில் வென்றவை
• 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்: 2 தங்கம், 1 வெண்கலம். ஒற்றையரில் ஆடிய 10 செட்டில் விட்டுக்கொடுத்தது 4 கேம்
• 1925 விம்பிள்டன்: ஐந்து ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது மொத்தம் 5 கேம். அரையிறுதியில் முந்தைய ஆண்டு சாம்பியன் கிட்டி மெக்கேனை 6-0, 6-0 என வென்றார்
• ஒற்றையர் வெற்றி விகிதம்: சுமார் 98 சதவீதம்

1924 பட்டியலில் ஏன் இல்லை? மஞ்சள் காமாலையால் விம்பிள்டன் பாதியிலேயே விலகினார். அவ்ளோதான். யாரும் அவரை வென்று அந்தப் பட்டத்தைப் பறிக்கவில்லை.

அமெச்சூர் விதி என்றால் என்ன?

லெங்லென் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அப்போது விம்பிள்டன் உட்பட எல்லாப் பெரிய டென்னிஸ் போட்டிகளிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆட முடியும். அமெச்சூர் என்றால் பணத்துக்காக ஆடாதவர். பரிசுப் பணம் வாங்கக் கூடாது. சம்பளத்துக்குப் பயிற்சி கொடுத்தாலும் நீங்கள் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவீர்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவது மிகக் கடினம்.

கேட்க நல்லாத்தான் இருக்கும். விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசிப்பது என்பார்கள். ஆனால் இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதியைப் பாருங்கள். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோர் அமெச்சூர் அல்ல என்று அதில் எழுதியே இருந்தது. உடம்பால் உழைத்துச் சம்பாதிப்பவர் கனவான்களோடு போட்டி போடக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அந்த விதி 1937 வரை நீடித்தது. கோலார் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அந்த ஆற்றங்கரைக்குப் போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

டென்னிஸில் அப்படி வெளிப்படையாக எழுதவில்லை. ஆனால் பலன் ஒன்றுதான். பயணம், தங்கும் செலவு, ஆண்டு முழுக்கப் பயிற்சி எல்லாவற்றுக்கும் சொந்தப் பணம் வேண்டும். பணக்காரர் ஆடலாம். பணம் இல்லாதவர் ஆடினால், பிழைப்புக்கு என்ன செய்வது?

நடைமுறையில் பொய்யும் இருந்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு மேசைக்கு அடியில் பணம், ஓட்டல் சலுகை எல்லாம் போகும். பேருக்கு அமெச்சூர். லெங்லெனும் அந்த ஏற்பாடுகளுக்கு வெளியே இருந்தவர் இல்லை. ஆனால் 1926 வாக்கில் அப்பாவின் உடல்நிலை மோசம், குடும்பப் பணம் கரைந்துவிட்டது. மைதானம் நிரம்புகிறது, வீடு காலியாகிறது.

கானில் ஒரு மோதல், பார்வையாளராகப் புதுக்கோட்டை ராஜா

1926 பிப்ரவரி 16. பிரான்ஸின் கான் நகரம், கார்ல்டன் கிளப். லெங்லெனுக்கு எதிரே 20 வயது அமெரிக்க சாம்பியன் ஹெலன் வில்ஸ். இருவரும் ஒற்றையரில் மோதிய ஒரே ஆட்டம் இதுதான்.

கூட்டம் மைதானத்துக்குள் அடங்கவில்லை. மக்கள் பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று பார்த்தார்கள். இருக்கைகளில் ஸ்வீடன் அரசர் ஐந்தாம் குஸ்தாவ் போன்ற பெரும்புள்ளிகள்.

அந்த வரிசையில் ஒரு தமிழ்நாட்டுப் பெயரும் உண்டு. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை 1915இல் மணந்த பிறகு அரச குடும்பத்திலும் பிரிட்டிஷ் அரசிலும் எழுந்த எதிர்ப்பால் ஊரை விட்டுப் போனவர். அப்போது கானில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

முதல் செட் லெங்லெனுக்கு 6-3. இரண்டாவது செட்டில் மேட்ச் பாயின்ட். வில்ஸ் அடித்த பந்து அவுட் என்று ஒரு குரல் கேட்டது. இருவரும் கைகுலுக்கினார்கள், பூங்கொத்துகளோடு கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அப்போது எல்லைக்கோட்டு நடுவர் ஓடி வந்து, அந்தக் குரல் தன்னுடையது இல்லை, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். கூட்டத்தில் யாரோ கத்தியிருக்கிறார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தவர் மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கேமை இழந்தார். ஆனாலும் 8-6 என முடித்தார். பிறகு உடைந்து அழுதார். கிளப்புக்கும் டிக்கெட் விற்றவர்களுக்கும் அன்று நல்ல வசூல். ஆடிய இருவருக்கும் விதிப்படி ஒன்றுமில்லை.

அரசியைக் காக்க வைத்தாரா?

அதே ஆண்டு விம்பிள்டனின் 50ஆவது ஆண்டுக் கொண்டாட்டம். பிரச்சினை ஏற்கனவே தொடங்கியிருந்தது. இரட்டையரில் தன் வழக்கமான ஜோடியான ரையனை விட்டுவிட்டு ஒரு பிரெஞ்சு வீராங்கனையோடுதான் ஆட வேண்டும் என்று பிரெஞ்சு சம்மேளனம் சொல்லிவிட்டது.

ஒரு நாள் அவருக்கு ஒற்றையர், இரட்டையர் இரண்டும் வைக்கப்பட்டிருந்தன. ஒற்றையர் ஆட்டம் பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் லெங்லென். அவர் தாமதமாக வந்தபோது அரசி மேரி ராயல் பாக்ஸில் காத்திருந்ததாகச் செய்தி பரவியது. அதிகாரிகள் கண்டித்தார்கள். அவர் உடைமாற்றும் அறையில் நிலைகுலைந்து போனார்.

ஏழு வருடம் அவரைக் கொண்டாடிய கூட்டம் சில நாளில் கூச்சலிட ஆரம்பித்தது. போட்டியின் நடுவிலேயே விலகினார். அதன் பிறகு விம்பிள்டனில் அவர் ஆடவே இல்லை.

யார் மீது தவறு? தகவல் சொல்லும் பொறுப்பு போட்டி நடத்துபவர்களுடையது. ஆட்ட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆட்டக்காரருக்கும் உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தவறு. ஆனால் தண்டனை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கிடைத்தது.

50,000 டாலர் ஒப்பந்தம்

அந்தக் கோடையில் அமெரிக்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் சி.சி. பைல் வந்தார். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ரெட் கிரேஞ்சை வைத்துப் பணம் பார்த்தவர். டென்னிஸிலும் அதே கணக்கு. லெங்லென் ஒப்புக்கொண்டார்.

எதிராளி, அமெரிக்காவின் மேரி கே. ப்ரவுன். 1912 முதல் 1914 வரை தொடர்ந்து மூன்று முறை அமெரிக்க சாம்பியன். அப்போது வயது 35. ஆண்களில் வின்சென்ட் ரிச்சர்ட்ஸ், ஹோவர்ட் கின்சி, பால் ஃபெரே உள்ளிட்டவர்கள் சேர்ந்தார்கள். பெரிய நட்சத்திரங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன முதல் தொழில்முறை டென்னிஸ் சுற்றுப்பயணம் இதுதான். அதன் தலைப்பு நட்சத்திரம் ஒரு பெண்.

1926 அக்டோபர் 9, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். சுமார் 13,000 பேர் வந்தார்கள். அமெரிக்கா, கனடா, கியூபா, மெக்சிகோ என 1927 பிப்ரவரி வரை பயணம் நீண்டது. ப்ரவுனோடு ஆடிய 38 ஆட்டங்களிலும் லெங்லெனே வென்றார்.

தன் முடிவுக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தால் மற்றவர்கள் பல லட்சம் பிராங்க் சம்பாதித்தார்கள், தானோ நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டு ஆடினேன் என்றார். வேறு எந்தக் கலையிலும் வாழ்நாள் உழைப்பைக் கொட்டியவர் அதில் பிழைப்பது தவறில்லை என்றால், டென்னிஸில் மட்டும் ஏன் தவறு என்றும் கேட்டார். அமெச்சூர் விதி பணக்காரர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்து வைக்கிறது என்பது அவர் வாதம்.

வென்றாரா, தோற்றாரா?

இரண்டும்தான்.

பணம் கிடைத்தது. ஆனால் 38-0 என்ற கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு எத்தனை நாள் கூட்டம் வரும்? வில்ஸ் போன்ற சமமான எதிராளிகள் அமெச்சூர் பக்கமே இருந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் விம்பிள்டன் இருந்தது, பெயர் இருந்தது. 1927இல் பிரிட்டனில் ஒரு குறுகிய சுற்றுப்பயணம். அதோடு அவரது தொழில்முறை ஆட்டம் முடிந்தது. அவர் போட்ட பாதையில் பின்னால் பெண்கள் வரிசையாக வரவில்லை. கதவு 40 வருடத்துக்குப் பிறகுதான் திறந்தது.

1929இல் அப்பா இறந்தார். லெங்லென் பாரிஸில் ஒரு ஃபேஷன் நிறுவனத்தில் விளையாட்டு உடைப் பிரிவில் வேலை பார்த்தார். டென்னிஸ் கற்பிக்கும் புத்தகங்கள் எழுதினார். 1930களில் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நடத்தினார். பொம்மைக் கடை ராக்கெட்டோடு தொடங்கியவர், சின்னப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபடி தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

1938 ஜூனில் லுகேமியா என்று கண்டறியப்பட்டது. ஜூலை 2 அன்று ஹெலன் வில்ஸ் தன் எட்டாவது விம்பிள்டன் பட்டத்தை வென்றார். ஜூலை 4 அன்று லெங்லென் இறந்தார். 39 வயது. இறப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் கடுமையான ரத்தசோகை. பாரிஸை ஒட்டிய சான் வான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகு என்ன நடந்தது?

• 1968: விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுமதித்தது. ஆண் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு. பெண் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு
• 1970: பரிசுத்தொகை வித்தியாசத்தை எதிர்த்து கிங் உட்பட ஒன்பது வீராங்கனைகள் ஹூஸ்டனில் ஆளுக்கு 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிச் சுற்றுப்பயணம் தொடங்கினார்கள்
• 1973: பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவானது. அதே ஆண்டு அமெரிக்க ஓபன் சமப் பரிசுத்தொகை கொடுத்தது
• 2007: விம்பிள்டனும் பிரெஞ்சு ஓபனும் முழுமையான சமப் பரிசுத்தொகைக்கு வந்தன

லெங்லென் கையெழுத்துக்கும் விம்பிள்டன் சமப் பரிசுக்கும் இடையில் 81 ஆண்டுகள்.

இந்தியாவில்? விம்பிள்டனில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஜென்னி சாண்டிசன், 1929இல். அங்கே முதல் வெற்றியைப் பெற்ற இந்தியப் பெண் லீலா ராவ், 1934இல். சமஸ்கிருத எழுத்தாளர் பண்டிதா க்ஷமா ராவின் மகள். இருவரும் அமெச்சூர் காலத்தவர்கள். ஆட்டத்தில் பிழைக்கலாம் என்ற வாய்ப்பே அவர்களுக்கு இல்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் ஒரு சுற்று வென்றபோதும், 2005இல் ஹைதராபாதில் சானியா மிர்சா சர்வதேச ஒற்றையர் பட்டம் வென்றபோதும் பரிசுத்தொகை என்பது பேச வெட்கப்பட வேண்டிய விஷயமாக இல்லை. அந்த வெட்கத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் லெங்லென்.

இன்று பிரெஞ்சு ஓபன் பெண்கள் ஒற்றையர் சாம்பியன் தூக்கிப் பிடிக்கும் கோப்பையின் பெயர் சுசான் லெங்லென் கோப்பை. ரோலண்ட் காரோஸ் மைதானத்தின் இரண்டாவது பெரிய அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். பணம் கேட்டதற்காகத் தள்ளி வைத்த அதே பிரெஞ்சு டென்னிஸ், கோடிகளில் பரிசு கொடுக்கும் கோப்பைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.

கோரமண்டலில் இப்போது சுரங்கக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. சயனைடு மலைகள் காற்றடித்தால் புழுதி கிளப்புகின்றன. வேலைக்குக் காலையில் பெங்களூரு ரயில் பிடிப்பவர்கள்தான் அதிகம். 75 கிலோ என்பது இங்கிருந்து போன 800 டன்னில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் லெங்லென் எழுப்பிய கேள்வியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உழைப்பு ஒருவருடையது, வசூல் இன்னொருவருடையது என்றால், கணக்கு கேட்பவருக்கு ஏன் கெட்ட பெயர் வருகிறது?